வந்தவர் கண்ணில் சீனம்

பிற நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவர்க்கு அந்நாட்டின் மாற்றத்தை எடைபோடும் உரிமை உண்டா? ஊர்விட்டு வந்து வாழும் நமக்கு இஃது அயலான வினா அன்று.

ஜோன் ஹிண்டன் என்னும் அம்மையார் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் அணுகுண்டு ஆக்கத்தில் பங்குகொண்ட இயற்பியலறிஞர். ஹிரோஷிமாவின் அழிவு அவர் உள்ளத்தை உலுக்கிற்று. 1948-இல் சீனம் சென்ற அவர், கறவை மாடுகளோடும் பால்பண்ணை இயந்திரங்களோடும் அங்கேயே வாழ்ந்து 2010-இல் மறைந்தார். அயல்நாட்டார்க்கெனத் தரப்பட்ட தனிச்சலுகைகள் தமக்கு வேண்டா என்று 1966-இல் கணவரோடும் நண்பரோடும் சேர்ந்து சுவரொட்டி எழுதியவர். சலுகை வேண்டாமென்று வழக்காடுவோரை நாம் எங்கே கண்டோம்!

1978-க்குப் பின் கம்யூன்கள் கலைந்தன, சந்தை நுழைந்தது. அதனைக் கொள்கைத் துரோகமென்றே அம்மையார் வருந்தினார். ஆனால், 1959 முதல் 1961 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்தைக் கடந்து, விளைநிலத்தைத் தம் குடும்பப் பொறுப்பில் பெற்ற உழவர் பலர்க்கு அதுவே விடிவாயிற்று. அவர் ஒரு கொள்கையைத் தேடிச் சென்றவர். உழவரோ அம்மண்ணிலே பிறந்தவர். தீர்ப்புக் கூறும் முதலுரிமை உழவர்க்கே என்பேன்.

ஆயினும், உடனுழைத்தவரின் வருத்தத்தை அயலார் புலம்பலென்று தள்ள மனம் ஒப்பவில்லை. கம்யூன்களோடு சிற்றூர்களின் கூட்டுறவு மருத்துவமும் பெரும்பாலும் மறைந்தது. வானளாவிய மாளிகைகளை வியந்து திரும்பும் பயணி அதனை அறியான். அங்கேயே இருந்தவர் அறிவார்.