கைநாட்டு

பாச்சலூர் போன்ற மலையூர்களின் தேநீர்க் கடைகளில் பேச்சின் பொருள் பெருகிவிட்டது. மிளகு விலை, காப்பிக்கொட்டை விலை, ஒட்டன்சத்திரம் சந்தையின் ஏற்ற இறக்கம், வாழைத் தோட்டத்தில் இறங்கிய யானை ஆகியவற்றோடு இப்போது இன்னொரு பொருளும் சேர்ந்திருக்கிறது. எந்த நிறுவனத்தின் கைப்பேசி நல்லது? எதன் பேட்டரி இரண்டு நாள் தாங்கும்? எந்தச் சிம் கார்டுக்கு மலைப்பாதையின் எந்த வளைவுவரை டவர் கிடைக்கும்? இவை குறித்து ஒவ்வொருவரிடமும் உறுதியான கருத்து உண்டு. அக்கருத்துக்காக நெடுநேரம் வாதாடவும் தயங்குவதில்லை. இதைக் குறைசொல்ல நமக்கு எண்ணமில்லை. உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கும் பொருளை ஆய்ந்து வாங்குவது அறிவுடைமையே. மூட்டையைக் கட்டுமுன்பே சந்தை விலை தெரிந்துவிடுவதும் மலை உழவருக்குச் சிறிய நன்மையன்று.

ஆயினும், வாங்கும்வரை இத்தனை ஆராயும் நாம், வாங்கிய பின் அக்கருவி நம்மிடம் கேட்கும் கேள்விக்கு ஆராயாமலே விடையளித்துவிடுகிறோம். புதிய செயலி ஒன்றைத் திறந்தவுடன் திரையில் நீண்ட வாசகம் தோன்றுகிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதன் அடியில் ‘ஒப்புகிறேன்’ என்னும் பொருளில் ஒரு பொத்தான். பிறகு, தொடர்பு எண்களைப் பார்க்கலாமா, இருக்கும் இடத்தை அறியலாமா, பேசுவதைக் கேட்கலாமா என அடுத்தடுத்து அனுமதி கோரப்படுகிறது. பெருவிரல் ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே போகிறது. சிலருக்கு அந்தச் சிரமமும் இல்லை. கடைக்காரரே அனைத்தையும் அழுத்தி, “எல்லாம் போட்டாச்சு” என்று கையில் கொடுத்துவிடுகிறார். இப்படித் தரப்படுவது சம்மதம்தானா? நாம் இங்கே சிந்திக்க விரும்பும் கேள்வி இதுவே.

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ், மனிதன் செய்வன அனைத்தையும் ‘மனிதச் செயல்’ என்று ஏற்பதில்லை. அறிந்து, எண்ணி, விரும்பிச் செய்வதே மனிதச் செயல் என்பது அவரது கருத்து. வேறெதையோ சிந்தித்துக்கொண்டு தாடியைத் தடவுவதும் காலை அசைப்பதும் மனிதனிடம் நிகழ்பவைதாம். ஆனால் அவற்றில் அறிவும் உளமும் ஈடுபடுவதில்லை என்று அவர் விளக்குகிறார். இந்த அளவுகோலை இன்றைய திரையின்மீது வைத்துப் பார்ப்போம். வாசிக்காமல், விளங்காமல், வேறு நினைவோடு பொத்தானைத் தொடும் விரல், தாடியைத் தடவும் விரலுக்கு எவ்வகையில் உயர்ந்தது? ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தாடியைத் தடவியவரிடமிருந்து யாரும் எதையும் பெற்றுக்கொண்டதில்லை. பொத்தானைத் தொட்டவரிடமிருந்தோ ஓர் உடன்படிக்கை பெறப்படுகிறது.

நம் முன்னோர் உடன்படிக்கையை எளிதாக எண்ணவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் தம் கால் ஏக்கர் நிலத்தை விற்கும்போதுகூட, பத்திரம் அவருக்குப் படித்துக் காட்டப்பட்டது. சாட்சிகள் உடனிருந்தனர். அதன் பின்னரே அவரது பெருவிரல் மையில் தோய்ந்தது. திருமணத்திலும் மணமக்களின் ஒப்புதல் சாட்சிகள் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும். அச்சுறுத்திப் பெறப்பட்ட ஒப்புதல் செல்லாது என்றே திருச்சபைச் சட்டமும் கூறுகிறது. ‘கைநாட்டு’ என்பது ஏளனச் சொல்லாகவே வழங்கிவந்தது உண்மை. எனினும் அந்தக் கைநாட்டைச் சுற்றி ஒரு வேலி இருந்தது. படிக்காதவர் ஏமாந்துவிடக் கூடாதே என்ற கவலை அவ்வேலிக்குள் இருந்தது.

அந்த ஏளனத்தைத் துடைக்கவே 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய பணியில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தைக் கற்றனர். சைக்கிளும் ஓட்டப் பழகினர். கைநாட்டு வைத்த கை தன் பெயரைத் தானே எழுதியபோது அடைந்த பெருமிதத்தைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின் நடந்திருப்பது என்ன? பட்டம் பெற்றவர்களும் மீண்டும் பெருவிரலுக்கே திரும்பிவிட்டோம். இம்முறை படித்துக் காட்டுவார் இல்லை, சாட்சி இல்லை, கவலைப்படுவாரும் இல்லை. வேலியற்ற கைநாட்டு இது.

இதனால் விளைந்தவற்றை நாடு கண்டிருக்கிறது. 2021 சனவரியில் வாட்ஸ்அப் நிறுவனம் புதிய விதிகளை அறிவித்து, தொடர்ந்து பயன்படுத்த விரும்புவோர் பிப்ரவரி 8ஆம் நாளுக்குள் ஏற்க வேண்டும் என்றது. எதிர்ப்பு எழவே கெடு மே 15க்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஏற்றுக்கொள், இல்லையேல் விலகிச் செல் என்னும் இந்தப் போக்குக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குச் சென்றது. தீர்ப்புகள் எவ்வாறாயினும், கோடிக்கணக்கானோரின் ‘ஆம்’ உண்மையில் ‘ஆம்’தானா என்ற கேள்வி முறைமன்றத்தில் எழுந்ததே பெரிது.

இதனினும் கொடியது உடனடிக் கடன் செயலிகள் செய்த வேலை. கொரோனா காலத்து வறுமையில், சில ஆயிரம் ரூபாய்க்காகச் செயலியை நாடியவர்கள் தங்கள் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி தந்தனர். தவணை தவறியதும் அவர்களுடைய உறவினருக்கும் நண்பருக்கும் உடன் பணிபுரிபவருக்கும் அழைப்புகள் பறந்தன. கடன் வாங்கியவர் திருடர் என்று தூற்றப்பட்டார். அவமானம் தாங்காது உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. பின்னர் 2022 செப்டம்பரில், கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் எடுக்கக் கூடாது என ரிசர்வ் வங்கி நெறிமுறை வகுத்தது.

இவ்விடத்தில்தான் அறநெறியின் ஆழமான முடிச்சு இருக்கிறது. அந்தத் தொடர்புப் பட்டியல் யாருடையது? கருவி நம்முடையது, அதிலுள்ள பெயர்கள் நம்முடையவை அல்ல. நம்மை நம்பி எண்ணைத் தந்த தோட்டத் தொழிலாளி, மகளின் சிகிச்சை குறித்து இரவில் அழைத்த தாய், ஊரார் அறியாதபடி நம்மிடம் துயரைச் சொன்ன நண்பர் ஆகியோரின் பெயர்கள் அவை. நம் விரல் ‘அனுமதி’ என்று தொடும்போது அவர்கள் சார்பிலும் நாம் கைநாட்டு வைக்கிறோம். தம் நிலத்தை விற்பவர் தமக்கே தீங்கு செய்துகொள்ளலாம். அண்டை வீட்டாரின் நிலத்தையும் சேர்த்து விற்க அவருக்கு உரிமை ஏது? “எனக்கு மறைக்க ஒன்றுமில்லை” என்று கூறுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நமக்கு மறைக்க ஒன்றுமில்லாதிருக்கலாம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைக் காக்கும் கடமை அதனால் நீங்கிவிடாது.

“ஒப்பாவிட்டால் வேலை நடக்காதே!” என்பார் சிலர். இந்த மறுப்பில் நியாயம் உண்டு. பள்ளிச் செய்தியும் வங்கிக் கணக்கும் கைப்பேசிக்குள் வந்துவிட்ட நாளில், ஏழைக்கு மறுக்கும் உரிமை பெயரளவில்தான் இருக்கிறது. புயலில் சிக்கிய கப்பலோட்டி உயிர் காக்கச் சரக்கைக் கடலில் எறிவதை அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டுவார். எறிபவன் அவனே, ஆனால் இயல்பான காலத்தில் எவனும் அதை விரும்பிச் செய்யான். அத்தகையவனை நாம் பழிப்பதில்லை. கடன் செயலியைத் தொட்டவரையும் பழிக்க வேண்டா. பழி, புயலை வேண்டுமென்றே எழுப்பிவிட்டு, எறியப்பட்ட சரக்கை அள்ளிக்கொள்பவரையே சாரும். ஆனால் நம் திரையில் தோன்றும் எல்லாக் கேள்வியும் புயல் அன்று. டார்ச் விளக்குச் செயலி நம் தொடர்பு எண்களைக் கேட்கும்போது மறுத்தால் எந்தக் கப்பலும் மூழ்காது.

சட்டமும் மெல்ல விழித்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது கட்டாயமின்றி, இன்னதற்கென்று தெளிவாக, விளங்கித் தரப்பட வேண்டும் என்கிறது. அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் 8ஆம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு வேண்டும் என்கிறது. ஆகவே தமிழிலும் கேட்க நமக்கு உரிமை உண்டு. 18 வயது நிறையாதவருக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அமைந்துள்ளன. ஆயினும் சட்டம் வேலியை எழுப்பலாம். நமக்காக வாசிக்க அதனால் இயலாது.

வாசிப்பது நம் வேலை. நீண்ட வாசகம் முழுவதையும் எல்லாரும் படித்துவிட இயலாது என்பது உண்மைதான். ஆனால் எதைக் கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள், மறுத்தால் என்ன ஆகும் என்னும் மூன்றையும் ஒரு நொடி நின்று எண்ணலாமே! குறிப்பாக, வீட்டிலுள்ள முதியோரின் கருவியை இயக்கித் தரும் இளையோருக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. உங்கள் பாட்டி உங்களை நம்பித் தம் கைப்பேசியை நீட்டுகிறார். அன்று பத்திரம் எழுதியவர் அமர்ந்த இடத்தில் இன்று நீங்கள் அமர்ந்திருக்கிறீர்கள். “இது உன் தொடர்பு எண்களையெல்லாம் கேட்கிறது பாட்டி, கொடுக்கட்டுமா?” என்று அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் விடை சொல்லும்வரை பொறுத்திருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.