வழி விடுதல்

ஜெயிக்க வழியில்லாத காரை ஒருவன் ஏன் ஓட்ட வேண்டும் என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் வழக்கத்தில் இருக்கின்றன. பங்கெடுத்துக்கொள்வதே பெருமை என்பது ஒன்று. என்றாவது ஒருநாள் எளியவன் ஜெயிப்பான் என்பது மற்றது. முதலாவதைப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தலைமை தாங்குகிறவர் சொல்கிறார். இரண்டாவதை சினிமா சொல்கிறது. இரண்டும் ஆறுதல்கள், பதில்கள் அல்ல. இரண்டுமே கேள்வியை ஓட்டுகிறவனின் மனசுக்குள் கொண்டுபோய்ப் பூட்டிவிடுகின்றன. கேள்வி தடத்தில் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னாலிருந்து தன்னைவிட வேகமான ஒருவன் வரும்போது இவன் என்ன செய்யக் கடமைப்பட்டவன்? வருகிறவன் இவனுக்கு என்ன கடமைப்பட்டவன்?

கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2012 மார்ச் 25 அன்று மலேசியாவில், செபாங் தடத்தில், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டினார். ஹெச்.ஆர்.டி. என்கிற ஸ்பானியக் குழுவின் கார். களத்தில் பின்வரிசைக்கென்றே வந்த கார். முந்தின வாரம் மெல்பர்னில் அந்தக் குழுவின் இரண்டு கார்களுமே பந்தயத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் மிக வேகமானவனின் நேரத்தை 100 என்று வைத்தால் 107-க்குள் வராதவன் ஓடக் கூடாது என்பது விதி. அவன் 90 வினாடியில் சுற்றினால் நீ 96.3 வினாடிக்குள் சுற்றியாக வேண்டும். செபாங்கில் அந்த வாசலைத் தாண்டிவிட்டார்கள். பந்தயம் மழையில் தொடங்கி நடுவில் நிறுத்தப்பட்டபோது நரேன் பத்தாவது இடத்தில் இருந்தார். கனமழைக்கான டயரோடு ஆரம்பித்ததன் பலன் அது. தடம் காய்ந்ததும் கார் அவரைத் தனக்குரிய இடத்துக்கே கொண்டுபோயிற்று. பிறகு, அப்போது இரண்டு முறை உலக சாம்பியனாகியிருந்த செபாஸ்டியன் ஃபெட்டல் அவரை ஒரு சுற்று பின்னுக்குத் தள்ளி முந்தினார். முந்துகிற கணத்தில் ஓர் உரசல். ஃபெட்டலின் பின் டயர் கிழிந்தது. கையிலிருந்த நாலாவது இடம் போய், புள்ளி கிடைக்காத பதினோராவது இடத்தில் முடித்தார். நடுவர்கள் நரேனுக்கு 20 வினாடி தண்டனை விதித்தார்கள். ஒதுங்கித்தான் கொடுத்தேன் என்பது நரேனின் தரப்பு. ஃபெட்டல் அவரை வெள்ளரிக்காய் என்று ஏசினார்.

தப்பு யார் மேல் என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமல்ல. அந்தப் பந்தயத்தின் விதி எப்படி நினைக்கிறது என்பதுதான் விஷயம். முழுச்சுற்று பின்தங்கப்போகிறவனுக்கு நீலக் கொடி காட்டப்படுகிறது. மூன்று கொடிகளைக் கடந்தும் அவன் வழி விடாவிட்டால் தண்டனை. அதாவது, முந்துகிற வேலையை முந்தப்படுகிறவன் செய்து தர வேண்டும். மெதுவானவன் ஓட்டத் தெரிந்தவனாக இருந்தால் போதாது. தேவைப்படும்போது இல்லாமல் போகவும் தெரிந்திருக்க வேண்டும். வேகமானவனுக்குத் தடம் காலியாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் குற்றம் அங்கே இருந்தவனுடையது.

எனக்கு இது புதிய விதியாகத் தெரியவில்லை. பரவையில் திண்டுக்கல் சாலையைப் பார்த்துக்கொண்டே எனக்குப் பல வருஷங்கள் போயிருக்கின்றன. மார்க்கெட்டிலிருந்து காய்கறி மூட்டைகளை முன்னும் பின்னும் கட்டிக்கொண்டு மொபெட்டில் வருகிறவன், பின்னால் பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. தாரை விட்டு மண்ணில் இறங்கிவிடுகிறான். இறங்குகிற இடத்தில் பள்ளம் இருந்தால் அது அவன் பாடு. அவன் இறங்குகிற விதத்தில் பழக்கம் தெரிகிறதே தவிர மரியாதை தெரியவில்லை. இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். 1924-இல் வைக்கத்தில் நடந்த சத்தியாக்கிரகம் கோயிலுக்குள் போவதற்காக அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காக. ஈரோட்டிலிருந்து போய் ஈ.வெ.ரா. சிறைப்பட்டதும் அதற்காகத்தான். மேல்சாதிக்காரன் எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கி நில் என்பதும் ஒருவகை நீலக் கொடிதான். அதைக் காட்டத் தனியாக ஆள் தேவைப்படவில்லை, அவ்வளவே.

பந்தயத்தையும் தீண்டாமையையும் ஒன்றாக்குகிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு புள்ளியில் மட்டும்தான் அவை தொட்டுக்கொள்கின்றன: பொதுப் பாதையில் எளியவன் இருப்பதே இடைஞ்சல் என்று எண்ணப்படுகிற புள்ளி. வேகத்தின் இயல்பே அது, தவிர்க்க முடியாது என்று சொல்வார்கள். தவிர்க்க முடியும் என்பதற்கு மோட்டார் பந்தயத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

பிரான்சில் லெ மான் என்ற ஊரில் 24 மணி நேரப் பந்தயம் முதன்முதலாக 1923-இல் நடந்தது. ஒரு சுற்று 13 கிலோமீட்டருக்கு மேல். ஒரு காரை மூன்று பேர் முறை வைத்து ஓட்டுவார்கள். ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கார்கள்; எல்லாம் ஒரே ரகமில்லை. பந்தயத்துக்கென்றே கட்டிய ப்ரோட்டோடைப் கார்களும், கடையில் விற்கிற கார்களிலிருந்து உருவான ஜி.டி. கார்களும் கலந்து ஓடும். 2012-இல் முன்னது ஒரு சுற்றை மூன்றரை நிமிஷத்தில் முடித்தால் பின்னதற்கு ஏறக்குறைய நாலு நிமிஷம் பிடிக்கும். வேகமானவன் எட்டுச் சுற்று முடிக்கும்போது மெதுவானவன் ஏழுதான் முடித்திருப்பான். ஆக, அரைமணிக்கு ஒருதரம் ஒரே ஆள் இவனை முந்திப் போகிறான். அப்படிப்பட்ட கார்கள் பத்து இருந்தால் மூன்று நிமிஷத்துக்கு ஒருதரம் யாராவது முந்துகிறார்கள். இது பகலும் இரவும் நடக்கிறது.

இங்கேயும் நீலக் கொடி உண்டு. ஆனால் அது சொல்வது, பின்னால் ஆள் வருகிறான், தெரிந்துகொள் என்பது. ஓட்டுகிறவர்களிடையே வேரூன்றிய வழக்கம் இது: மெதுவானவன் தன் தடத்தை விட்டு அலையக் கூடாது, வழி கண்டுபிடிக்க வேண்டியவன் முந்துகிறவன். பதறி ஒதுங்குகிறவன்தான் இங்கே ஆபத்தானவன். அவன் எந்தப் பக்கம் ஒதுங்குவான் என்று வருகிறவனுக்குத் தெரியாது.

வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம். ஆனால் இதில் எளியவனின் ஸ்தானமே மாறிவிடுகிறது. ஒதுங்கு என்ற கட்டளைக்குப் பதிலாக, அடுத்தவன் நம்பும்படி ஓட்டு என்ற பொறுப்பு அவனுக்குக் கிடைக்கிறது. நான் இங்கேதான் இருப்பேன் என்பது ஒரு வாக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு, கண்ணாடியில் கார் தெரியாமல் வெளிச்சம் மட்டும் பெருகி வரும்போது, அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. முதலில் போகிறவனுக்கு முன்னால் பார்த்தால் போதும். மெதுவான காரை ஓட்டுகிறவன் முன்னாலும் பின்னாலும் பார்த்தே ஓட்டியாக வேண்டும். இரண்டு பேரில் தடம் யாருக்கு முழுசாகத் தெரியும்? இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லெ மானில் நம்மவர்கள் இருந்திருக்கிறார்கள். 2009-இல் நரேனுக்குக் கிடைத்தது கோலஸ் என்ற தனியார் குழுவின் ஆவ்டி ஆர்10. 2006, 2007, 2008 மூன்று வருஷமும் ஜெயித்த ரகம் அது; கம்பெனி புது ரகத்துக்கு மாறிய பிறகு கைமாறி வந்தது. பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் நரேன் பிட் சுவரிலிருந்து விழுந்து தோள்மூட்டு நழுவிற்று. அவரால் ஓட்ட முடியவில்லை. கூட்டாளிகளான ஸ்வோல்ஸ்மனும் லோட்டெரரும் இரண்டே பேராக 24 மணி நேரத்தையும் ஓட்டி ஏழாவதாக வந்தார்கள். 2012-இல் சென்னையின் கருண் சந்தோக், பிரபாம், டம்ப்ரெக் ஆகியோருடன் ஜே.ஆர்.எம். குழுவின் காரை ஓட்டினார். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஸ்தாபகர்களில் ஒருவர் அவருடைய தாத்தா இந்து சந்தோக். ஆவ்டியும் டொயோட்டாவும் மின்சார உதவியோடு இயங்கும் ஹைபிரிட் கார்களைக் கொண்டுவந்திருந்த வருஷம் அது. சந்தோக்கின் கார் வெறும் பெட்ரோல் கார். முதல் ஐந்து இடங்களில் நாலை ஆவ்டி எடுத்துக்கொண்டது. பல சுற்றுகள் பின்தங்கி இவர்கள் ஆறாவது வந்தார்கள். ஆறாவது இடத்துக்கு மேடை கிடையாது. கார் கடைசி வரை ஓடியது என்பதே அதன் பொருள்.

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தைத் தமிழ்நாடு முழுக்கப் பேசினார்கள், நடிகர் அஜித்குமாரின் காரணமாக. அவருடைய குழுவின் போர்ஷே கார் 992 பிரிவில் மூன்றாவதாக வந்தது. 'பிரிவில்' என்ற சொல் பேச்சில் சீக்கிரமே உதிர்ந்துவிட்டது. மூன்றாம் இடம் மட்டும் மிஞ்சிற்று. பயிற்சியில் நேர்ந்த விபத்துக்குப் பிறகு அந்தக் காரை ஓட்டுவதிலிருந்து விலகிக்கொண்ட அஜித், பந்தயத்தில் ஓட்டியது வேறொரு குழுவின் கேமன் ஜி.டி.4 காரை. ஜி.டி.3 கார்கள் இரவும் பகலும் முந்திக்கொண்டே இருக்கும் வண்டி அது. எனக்கு அந்த மூன்றாம் இடத்தைவிட இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. திரையில் ஜெயிப்பதை மட்டுமே நாம் பார்த்துப் பழகிய ஒருவர், முகம் தெரியாத ஹெல்மெட்டுக்குள், தன்னை முந்துகிறவர்கள் பத்திரமாக முந்தும்படி தடம் பிடித்து ஓட்டினார். நம் ரசிக மனசுக்கு இந்தக் காட்சியைப் பார்க்கத் தெம்பில்லை. பிரிவு என்ற சொல்லை அது விழுங்கியது அதனால்தான்.

ஓர் ஆட்சேபணை உண்டு, நியாயமானது. அவரவர் தடத்தில் நில் என்றுதானே இந்த நாட்டில் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்? இது வர்ணாசிரமத்துக்கு மோட்டார் பூட்டுகிற வேலை இல்லையா?

இல்லை என்று நான் சொல்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன. லெ மானில் பிரிவு காருக்குத்தான், ஆளுக்கில்லை. இன்றைக்கு மெதுவான காரில் இருப்பவன் நாளைக்கு வேகமான காரில் இருக்கலாம். முந்தப்படுவது எப்படியிருக்கும் என்று தெரிந்தவன் முந்துகிறான். மேலும், எல்லாருக்கும் ஒரே கடிகாரம். மொத்தத்தில் முதலாவதாக வருவதற்கு எந்தப் பிரிவுக்கும் கதவு சாத்தப்படவில்லை. 1995-இல் மழையில், சாலைக் காரிலிருந்து உருவான மெக்லாரன் எஃப்1 ஜி.டி.ஆர்., ப்ரோட்டோடைப்களைப் பின்னால் விட்டு மொத்தத்திலும் முதலாவதாக வந்தது. வர்ணாசிரமத்தில் இதற்கு இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே சுமை முழுவதும் கீழே இருப்பவன் தலையில். இங்கே பாதிச் சுமையாவது முந்துகிறவன் தலையில்.

நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயங்களில் பெரிய மாடு, நடு மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துத் தனித்தனியாக விடுகிறார்கள். மாட்டுக்கு அதுதான் நியாயம். ஆனால் பூஞ்சிட்டு மாடு பெரிய மாட்டின் மூச்சை முதுகில் உணர வேண்டியதில்லை. வழி விடுகிற பிரச்னையே எழுவதில்லை. ஏற்றத்தாழ்வைக் கையாள நமக்குத் தெரிந்த வழிகள் மூன்று: பிரித்து ஓடவிடுவது, எளியவனை மண்ணில் இறக்கிவிடுவது, ஒரே தடத்தில் சேர்த்து வைத்து, முந்துகிற பொறுப்பை முந்துகிறவனிடமே விடுவது. முதல் இரண்டுக்கும் ஒழுங்கு போதும். மூன்றாவதற்குத்தான் தர்மம் என்று ஒன்று தேவைப்படுகிறது.

இந்த மூன்றாவது வழி சுகமானது என்று நான் சொல்லவரவில்லை. சந்தோக் ஓட்டிய அதே 2012 பந்தயத்தில் டெல்டாவிங் என்றொரு விசித்திரமான கார் ஓடிற்று. பாதி எடை, பாதி சக்தி. பரிசோதனைக்காக அனுமதிக்கப்பட்டது, வரிசையில் அதற்கு இடம் கிடையாது. எண் 0. வேகமான டொயோட்டா ஒன்று இடித்து அதைச் சுவரில் தள்ளிற்று. தடத்தில் நின்றுபோன காரை அதை ஓட்டியவன்தான் தொடலாம், மெக்கானிக் தொடக் கூடாது. மோட்டோயாமா என்கிற ஜப்பானியர் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தன்னந்தனியாக அதைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். முடியவில்லை. தேர்ச்சக்கரம் புதைந்த கர்ணனை நினைக்காமல் இருக்க முடியவில்லை எனக்கு. ஆனால் கர்ணன் எதிரியிடம் தர்மம் பேசினான்; அவனுக்கு எதிரே ஓர் எதிரி இருந்தான், ஜெயிக்க ஒரு யுத்தம் இருந்தது. மோட்டோயாமாவுக்கு இடமும் இல்லை, எதிரியும் இல்லை. மறுபடியும் தடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது மட்டும் இருந்தது. பங்கெடுப்பதே பெருமை என்ற வாக்கியத்தை அந்த ஒன்றரை மணி நேரத்தின் பக்கத்தில் வைத்தால் அது எவ்வளவு மலிவானது என்று தெரியும்.

அதே பந்தயத்தில் இன்னொன்றும் நடந்தது. அந்தோணி டேவிட்சனின் டொயோட்டா, அமெச்சூர் பிரிவில் பெராஸினி ஓட்டிய ஃபெராரியை முந்தும்போது இரண்டும் மோதிக்கொண்டன. டொயோட்டா காற்றில் எழும்பிப் புரண்டது. டேவிட்சனுக்கு முதுகெலும்பு முறிந்தது. மெதுவானவன் தரும் வாக்கும் வேகமானவன் வைக்கும் நம்பிக்கையும் சந்திக்கத் தவறினால் விலை இதுதான். அமெச்சூர்களைத் தடத்திலிருந்து அப்புறப்படுத்துவது சுலபமான பரிகாரமாக இருந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. அந்தப் பிரிவு 2023 வரை ஓடிற்று. 2024-இல் அதன் இடத்துக்கு வந்த எல்.எம்.ஜி.டி.3 பிரிவில், ஒவ்வொரு காரின் மூவரிலும் வெண்கலத் தரத்தில், அதாவது தரவரிசையின் கடைசிப் படியில், ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. வேகமானவர்கள் அவரைத் தாண்டித்தான் ஜெயிக்க வேண்டும்.