எந்தக் காலத்துல?

பரணில் கிடைத்த குரூப் போட்டோவின் பின்னால் தேதி இல்லையா? கவலையை விடுங்கள். உடுப்பும் தலைமுடியும் காட்டிக் கொடுத்துவிடும். சித்தப்பா பெல்பாட்டமும் கன்னம் வரை இறங்கிய கிருதாவுமாக நிற்கிறாரா? 1970-கள். பெரியப்பாவின் கோட்டை மட்டும் நம்பிடாதீங்க. வருகிறவர்களுக்கெல்லாம் மாட்டிவிட ஸ்டூடியோவிலேயே ஒரு கோட் தொங்கும். அக்காவின் பாவாடையும் அப்படித்தான், நாலு வருஷம் கழித்துத் தங்கச்சிக்கு வரும். ஆக, துணி சொல்வதெல்லாம் 'இதற்கு முன்னால் எடுத்ததில்லை' என்பதுதான்.

பிராமணக் குடும்பத்துப் படமாக இருந்தால், ஓரத்தில் ஒரு பாட்டி இருக்கக்கூடும். ரவிக்கை கிடையாது. மழித்த தலையை மூடிய நார்மடிப் புடவை. அவரை மட்டும் தனியே வெட்டியெடுத்துப் பாருங்கள். 1920-ஆ, 1970-ஆ? சொல்லவே முடியாது. ஃபேஷன் மாறியது, அவருக்கு மாறவில்லை.

"அந்தக் காலத்துல அப்படித்தான் சார்" என்போம். எந்தக் காலத்துல? விதவை மறுமணத்துக்கு 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. படமோ பெல்பாட்டக் காலத்துப் படம். சித்தப்பா கிருதா வளர்த்ததை 'வயசுப் பையன்தானே' என்று விட்டுவிட்ட அதே வீட்டுக்குத்தான், பாட்டியின் தலையை மழிக்க நாவிதரும் தவறாமல் வந்துபோனார்.

அந்தப் பாட்டியின் பெயர் என்ன? வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா, கேட்டுப் பாருங்களேன்.