கண்ணப்பர் நின்ற காவல்

கண்ணப்ப நாயனார் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அவர் தம் கண்ணைப் பெயர்த்துக் காளத்தியப்பருக்கு அப்பிய காட்சியே. ஆனால் அது ஆறாம் நாள் நிகழ்ந்தது. அதற்கு முந்தைய இரவுகளில் அவர் செய்தது என்ன? தம் இறைவன் காட்டில் தனித்திருக்கிறாரே, கொடிய விலங்குகளால் ஏதம் நேருமோ என்று அஞ்சி, கையில் வில்லேந்தி, கண் துஞ்சாமல் காவல் நின்றார். கண் கொடுத்தது ஒரு கணத்தின் செயல். காவல் நின்றதோ இரவு முழுவதும் நீண்ட தவம். உலகம் முன்னதைப் போற்றுகிறது, பின்னதை மறந்துவிடுகிறது.

உறுப்பு மாற்று சிகிச்சை பெற்ற ஒருவரின் படுக்கையருகே அமர்ந்திருக்கும் கணவனும் மனைவியும் செய்வது இந்தக் காவல்தான்.

2016 நவம்பர் 16 அன்று அப்போதைய வெளியுறவுத்துறை அமைச்சர் சுஷ்மா சுவராஜ், தமது சிறுநீரகங்கள் செயலிழந்ததையும், தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொள்வதையும் தாமே நாட்டு மக்களுக்கு அறிவித்தார். முன்பின் அறியாத பலர் தங்கள் சிறுநீரகத்தைத் தர முன்வந்தனர். அவர்களுள் இசுலாமிய அன்பர்களும் இருந்தனர். அவர்களுக்கு நன்றி கூறிய சுஷ்மா, சிறுநீரகத்துக்கு மத அடையாளம் கிடையாது என்று பொருள்பட எழுதினார். அந்த ஒரு சொல்லில் எத்தனை ஞானம்! உடலுக்குள் உறைவது ஒரே இறைவனின் ஒளி என்பதை நூல்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நோய்ப்படுக்கை அதை நேரில் காட்டிவிடுகிறது.

டிசம்பர் 10 அன்று, உறவினர் அல்லாத ஒருவர் தந்த சிறுநீரகம் அவருக்குப் பொருத்தப்பட்டது. டிசம்பர் 19 அன்று அவர் இல்லம் திரும்பினார். செய்தித்தாள்களுக்கு அத்துடன் செய்தி முடிந்தது. குடும்பத்துக்கோ அன்றுதான் காவல் தொடங்குகிறது.

ஏன்? புதிய உறுப்பை உடல் அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை, உறுப்பு இயங்கும் காலம்வரை, நேரம் தவறாமல் உட்கொள்ள வேண்டும். டாக்ரோலிமஸ் போன்ற மருந்தைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் நாள்தோறும் இருமுறை தருவது வழக்கம். ஆனால் எதிர்ப்பை அடக்கும் அதே மருந்து, நோய்க்கிருமிகளைத் தடுக்கும் ஆற்றலையும் குறைத்துவிடுகிறது. ஆகவே முதல் சில மாதங்களில் முகக்கவசம், காய்ச்சி ஆறிய நீர், நன்கு வெந்த உணவு, கூட்டம் தவிர்த்தல் ஆகியவை இன்றியமையாதவை. உடல் வெப்பம், எடை, இரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் நாள்தோறும் குறிக்க வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ, காய்ச்சலோ வீக்கமோ கண்டாலோ உடனே மருத்துவரிடம் விரைய வேண்டும். இந்த நோட்டும் கடிகாரமுமே இல்லறத்தாரின் வில்லும் அம்பும்!

உடற்பணியைவிடக் கடினமானது ஒன்று உண்டு. சிகிச்சைக்குப் பின் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து சிலருக்கு உறக்கத்தைக் கெடுக்கும், மனநிலையையும் மாற்றும். அமைதியே வடிவான மனிதர் திடீரெனச் சினந்து விழுவார். காரணமின்றிக் கண்ணீர் விடுவார். இரவெல்லாம் கண்விழித்துப் பணிசெய்த துணைக்கு, விடியற்காலையில் கிடைப்பது ஒரு கடுஞ்சொல்! அப்போது நெஞ்சம் புண்படாதிருக்குமா? அந்நேரத்தில் ‘இது மருந்தின் குரல், என் துணையின் குரலன்று’ என்று பகுத்துணர்வதே விவேகம். கிடைக்கும் சொல்லை எதிர்பார்த்துச் செய்வது தொண்டு ஆகாது. எனினும் பொறுமை என்பது மறைப்பதன்று. அந்த மாற்றத்தை மருத்துவரிடம் தயங்காமல் சொல்வதும் தொண்டின் பகுதியே.

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோருடன் கணவன் மனைவியையும் நெருங்கிய உறவினராகவே வைத்தது. இரத்தத்தால் இணையாதவரை மணவாழ்வு இரத்த உறவுக்கு நிகராக்கிவிட்டது. தன் உறுப்பு தன் துணைக்குப் பொருந்தாவிடில், அதே நிலையிலுள்ள மற்றொரு குடும்பத்துடன் பரிமாறிக்கொள்ளவும் 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவகுத்தது. ஆனால் நடைமுறையில் நம் நாட்டில் உயிருடன் இருந்து உறுப்புத் தருவோரில் பெரும்பான்மையினர் பெண்களே. மனைவி கொடுப்பது கடமை, கணவன் பெறுவது இயல்பு என்று எண்ணுவது தர்மமாகுமா? சிறுநீரகம் தந்த மனைவியும் அறுவைசிகிச்சைப் புண்ணுடன்தான் படுத்திருக்கிறாள். பெற்றவரைச் சூழ்ந்து நிற்கும் உறவினர், தந்தவளின் கட்டிலருகே எத்தனை பேர் நிற்கின்றனர்? வீடு திரும்பிய வாரமே அவளை அடுப்பங்கரையில் நிற்கவைப்பது, தானத்தைப் பெற்றுக்கொண்டு தானியை மறப்பதாகும். கரண்டி பிடிக்கக் கணவனின் சகோதரர்களும் கற்றுக்கொள்ளட்டும்!

காவல் நிற்பவரும் மனிதரே. சுஷ்மாவின் கணவர் சுவராஜ் கௌஷல், உச்சநீதிமன்ற வழக்கறிஞராகவும் மிசோரம் ஆளுநராகவும் இருந்தவர். அவர்களது திருமணம் 1975 ஜூலை 13 அன்று நடைபெற்றது. 2018 நவம்பரில் சுஷ்மா, உடல்நிலை கருதி இனித் தேர்தலில் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தபோது, அவர் மனைவிக்கு வெளிப்படையாகவே நன்றி கூறினார். மில்கா சிங்கும் ஒருநாள் ஓட்டத்தை நிறுத்தினாரே என்றும், தாமும் நாற்பத்தாறு ஆண்டுகளாக அவர் பின்னால் ஓடி மூச்சு வாங்குவதாகவும் அவர் எழுதியதை நாடே புன்னகையுடன் படித்தது. அந்த நகைச்சுவைக்குள் எவ்வளவு அன்பு, எவ்வளவு கவலை! களைத்துவிட்டேன் என்று சொல்வது அன்பின் குறைவன்று. 2019 ஆகஸ்ட் 6 அன்று மாரடைப்பால் சுஷ்மா மறைந்தார். ஆகவே காவல் நிற்பவர் காலத்தை வெல்வதாக எண்ண வேண்டியதில்லை. அருளப்பட்ட நாட்களை அன்பால் நிரப்புவதே அவர் பணி; முடிவு இறைவன் கையில்.

தில்லி எய்ம்ஸ் வாயிலில், பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்த குடும்பத்தினர் குளிர்கால இரவிலும் நடைபாதையில் போர்வை விரித்துக் கிடப்பதைக் காணலாம். உள்ளே ஒருவர் படுத்திருக்க, வெளியே அவரது பாதி உயிர் விழித்திருக்கிறது. அவர்களுக்கு ஒரு வேளை உணவு, ஒரு கம்பளி, ஓர் இரவு மாற்றுக் காவல் தருவது எந்த ஆலயத் திருப்பணிக்கும் குறைந்ததன்று.

அன்பர்களே! உங்கள் தெருவிலும் இப்படி ஓர் இல்லம் இருக்கலாம். நோயாளியைப் பார்க்கக் கூட்டமாகச் சென்று கிருமியைக் கொண்டு சேர்க்க வேண்டாம். வாயிலில் நின்றபடியே காவல் நிற்பவரை அழைத்து, “நீங்கள் சாப்பிட்டீர்களா? உறங்கினீர்களா?” என்று கேளுங்கள். கண் கொடுக்க எல்லோருக்கும் வாய்க்காது. காவல் நிற்பவருக்குத் துணைநிற்க எல்லோராலும் இயலும்.