நினைவு மங்கினால் உரிமையும் மங்குமோ?

இங்கிலாந்து நாட்டு முதியோர் இல்லம் ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள், தோழர்களே! புலால் உண்ணாமையை 50 ஆண்டுகள் கொள்கையாகக் கொண்ட மூதாட்டி ஒருவர் அங்கே இருக்கிறார். மறதிநோய் அவரது நினைவைக் கரைத்துவிட்டது, கொள்கையும் மறந்துபோயிற்று. அடுத்தவர் தட்டிலுள்ள இறைச்சியைக் காட்டி, ‘எனக்கும் அது வேண்டும்’ என்கிறார். பரிமாறும் நங்கை திகைத்து நிற்கிறாள். எவர் சொல்லைக் கேட்பது? நேற்றைய மூதாட்டியின் சொல்லையா, இன்றைய மூதாட்டியின் சொல்லையா?

தெளிவோடிருந்த நாளில் எடுத்த முடிவே மதிக்கத்தக்கது என்று 1993இல் வாதிட்டார் அமெரிக்க அறிஞர் ரொனால்டு டுவார்க்கின். இன்று கண்ணெதிரே மகிழ்பவரும் வருந்துபவரும் இவரன்றோ, இவர் நலனைப் பழைய முடிவுக்குப் பலியிடலாமோ என்று 1995இல் மறுத்தார் ரெபெக்கா டிரெசர். பிறர் முடிவு செய்ய நேரும்போது நேற்றைய விருப்பம், இன்றைய விருப்பம் இரண்டையும் கருதவேண்டும் என்கிறது இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம். அறிவற்ற முடிவை எடுத்தார் என்பதற்காகவே ஒருவரைத் திறனற்றவர் என்று தள்ளிவிடக்கூடாது என்றும் அது விதிக்கிறது.

பகுத்தறிவைப் போற்றும் நாம் இங்கே விழிப்போடிருத்தல் வேண்டும். சிந்திக்கும் ஆற்றலே மனிதனுக்கு மதிப்பளிக்கிறது எனின், அந்த ஆற்றல் தேய்ந்தவர் மதிப்பற்றவரா? பகுத்தறிவு மனிதனுக்குத் துணை. மனிதனை எடைபோட்டுக் கழித்துவிடும் தராசாக அதனை ஆக்கலாகாது!

‘உன் நன்மைக்காகவே’ என்று கூறித்தானே பெண்ணை வீட்டுக்குள் பூட்டினர்! முதியோர் இல்லங்களிலும் அச்சொல் ஒலிப்பதுண்டு. விடியுமுன் எழுப்பிக் குளிப்பாட்டுவது முதியவரின் நன்மைக்கா, பணியாளர் முறைப்பட்டியலின் வசதிக்கா? அவர் கையை உதறினால், ‘நோயின் விளைவு’ என்று ஒதுக்கிவிடுகின்றனர். உதறும் கையும் பேசுகிறது, தோழர்களே! வாய்ச்சொல் இழந்தவரின் வாக்குச்சீட்டு அது!

ஆகவே, உணவு, உடை, உறக்கம், நீராடல் ஆகிய அன்றாடச் செயல்களில் இன்றைய விருப்பம் ஆளட்டும். உயிர் நீட்டிக்கும் மருத்துவம் போன்ற, மீண்டும் திருத்த இயலாத செயல்களில், தெளிவோடு எழுதிவைத்த சொல் முன்நிற்கட்டும்.

மூதாட்டிக்கு என்ன விடை? அவரது கொள்கை வெறும் நாச்சுவை அன்று. எனவே அவர் விரும்பிவந்த மரக்கறி உணவை முதலில் அன்போடு அளிக்கட்டும். அதன் பின்னரும் அவர் இறைச்சியைக் கேட்டால், கொடுத்திடட்டும். கொள்கையை ஏற்றவர் அவர். அதனைக் கைவிடும் உரிமையும் அவருடையதே. அவருடைய கொள்கைக்கு அவரையே கைதியாக்க நமக்கு ஏது உரிமை?