கைமாற்றும் ரம்மியும்

திருப்பூரில் சனிக்கிழமை மாலை வாரக் கூலி கைக்கு வரும். அன்றிரவே லைன் வீட்டில் அறை நண்பன் கைமாற்றுக் கேட்கிறான். ஆன்லைன் ரம்மியில் விட்டதைப் பிடிக்கத்தான் என்று இருவருக்கும் தெரியும். கொடுப்பது நட்பா, மறுப்பது நட்பா?

கொடுப்பதற்கும் நியாயம் உண்டு. தேனியிலிருந்தும் பீகாரிலிருந்தும் பனியன் கம்பெனிக்கு வந்தவர்களுக்குச் சொந்தபந்தம் இங்கே இல்லை. அவசரத்துக்கு நண்பன்தான் வங்கி. ஒன்றரை ஷிப்ட் தைத்துச் சம்பாதிப்பவன் எதில் செலவழித்தால் நமக்கென்ன என்றும் கேட்கலாம். மறுத்தால் வட்டிக்காரரிடம் போய் நிற்பான் என்ற அச்சமும் பொய்யல்ல.

ஆனால், ஆட்டத்தின் தன்மையையும் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கேரம் தோல்வி கேலிப்பேச்சோடு முடிந்துவிடும். அறையில் காசு வைத்துச் சீட்டாடினாலும், முகம் பார்த்து "போதும், எழுந்திரு" என்று சொல்ல ஒருவர் இருப்பார். செல்போனில் எதிராளிக்கு முகமில்லை. யார் ஜெயித்தாலும் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

அதைச் சொல்லச் சட்டம் முயன்றது. தமிழகத்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை ரத்து செய்தது. 2025இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை ஆட மாநில விதிகள் தடைபோட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் நிறுவனத்தின் வாசலைத்தான் அடைக்கும். தூங்காமல் புரள்பவனை அறிந்தவன் அறை நண்பன் மட்டுமே.

திருக்குறளில் 94ஆம் அதிகாரமான சூதைப் பல பதிப்புகள் நட்பியலில் சேர்த்திருக்கின்றன. பொருத்தமான இடம்தான். சூதில் கைப்பணம் தீர்ந்ததும் அடுத்துத் தொலைவது நண்பர்கள். கடன் ஏற ஏற, வாங்கியவன் முகம் கொடுக்காமல் ஒதுங்குவான். ஒருநாள் வேறு அறைக்குப் போய்விடுவான். கொடுத்தவர் பணத்தோடு ஆளையும் இழக்கிறார்.

ஆகவே மறுப்பதே நட்பு. மறுத்ததோடு நின்றால் அது கைகழுவல். அவன் பங்கு வாடகையை வீட்டுக்காரரிடம் நேரே கொடுக்கலாம். மளிகைக் கடை பாக்கியை அடைக்கலாம். அடுத்த கூலி வந்ததும் ஊருக்குப் போக வேண்டிய பணத்தை உடனிருந்து அனுப்பவைக்கலாம். விடுமுறை நாளில் அவனைக் கேரம் பலகைக்கு இழுத்து வரலாம். பணத்தை மறுத்தவர் நேரத்தைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்.