அழிந்த எழுத்தின் மீது உரிமை

கல்லறைக் கல்லைக் கழுவுவதில் தார்மீகப் பிரச்னை என்ன இருக்க முடியும் என்று கேட்கிறவர்கள் அந்த வேலையில் இறங்கிப் பார்க்காதவர்கள். கடலூர் முதுநகரில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக் கல்லறைகள் இருக்கின்றன. 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் வாங்கினார்கள். 1758இல் பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்துத் தகர்த்தார்கள். 1783இல் கடலூரில் மறுபடியும் முற்றுகை. அந்தக் காலத்து ஆட்களுக்கு இன்று இங்கே வாரிசு என்று யாரும் இல்லை. கடலின் உப்புக்காற்று அவர்கள் பெயர்களைத் தின்றுகொண்டிருக்கிறது.

பாசியைத் தேய்த்து, மங்கிய எழுத்தை மறுபடி உளியால் கொத்தி, கறுப்புப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார் இதில் அக்கறையுள்ள நண்பர் ஒருவர். "படிக்க முடியாத கல் வெறும் கல்தானே சார்?" உதறித் தள்ளக்கூடிய வாதம் அல்ல இது. பெயரைச் சொல்வதற்காக நட்ட கல் பெயரைச் சொல்லவில்லையென்றால் அது எதற்காக நிற்கிறது?

கழுவுவதே முதலில் ஆபத்தானது. ஆசிட் சலவைக்கல்லைக் கரைக்கும். கம்பி பிரஷ் பாசியோடு எழுத்தின் விளிம்பையும் சுரண்டும். விரிசலில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும்; சுண்ணாம்புச் சாந்து அப்படிச் செய்வதில்லை. கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சியடித்துச் 'சுத்தம்' செய்ததில் கல்வெட்டுகள் மழுங்கிப்போன கதை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மெத்தென்ற பிரஷ்ஷும் தண்ணீரும் பொறுமையும் போதும். கீழிருந்து மேலாகத் தேய்த்தால் அழுக்கு வழிந்து கோடு விழாது.

இவையெல்லாம் கைப்பக்குவம். உளி வேறு. வருஷத்தின் கடைசி இலக்கம் 3ஆ 8ஆ என்று கண் தயங்குகிற இடத்தில் உளி ஏதாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் ஊகம் ஊகமாகவே இருக்கும். கல்லில் ஏறியதும் அது சாட்சியமாகிவிடுகிறது, அதுவும் செத்தவனின் பெயரில். வங்கியில் தப்பான தொகையின் மேலேயே எழுதக் கூடாது. ஒரு கோடு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும். இந்த அற்பமான குமாஸ்தா விதிக்குள் இருக்கிற ஒழுக்கம் நம் திருப்பணிக்காரர்களிடம் இல்லை.

முன்பு இருந்தது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக்கியபோது பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தாள். அவற்றில் 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்ற குறிப்பும் வருகிறது. படி தன்னைப் படி என்றே சொல்லிக்கொள்கிறது.

சிதம்பரத்தில் குடியிருக்கிறவனுக்கு இன்னொரு உதாரணம் தேட வேண்டியதில்லை. தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பியும் அரசனும் திறந்தபோது பெரும்பகுதியைக் கறையான் அரித்திருந்ததாம். இந்தக் காலத்துக்கு வேண்டியது மிஞ்சியிருக்கிறது என்று அசரீரி சொன்னதாம். இன்று இருப்பவை ஏறத்தாழ 800 பதிகங்கள். கதையின் சரித்திர மதிப்பில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் கறையான் தின்ற பாட்டை யாரோ எழுதி நிரப்பியதாகக் கதை சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உ.வே.சா.வும் சிதைந்த இடத்தில் புள்ளிதான் வைத்தார்.

நவம்பர் 2இல் கல்லறைத் திருநாளுக்கு அப்பன் கல்லுக்குச் சுண்ணாம்படித்து எழுத்தை எனாமலில் புதுப்பிக்கிற மகனுக்கு இதெல்லாம் பொருந்தாது. அவனுக்குப் பெயர் கல்லிலிருந்து தெரிய வேண்டியதில்லை. அவன் பிழையாக எழுதினாலும் அது குடும்பத்துப் பிழை. கம்பெனிச் சிப்பாய்க்கு நாம் மகன் அல்ல. (அவன் நம்மை அடக்க வந்தவனாயிற்றே என்பது வேறு வழக்கு, அதற்கும் சாட்சி இந்தக் கல்தான்.)

மாலை வெயிலைக் கண்ணாடித் துண்டால் கல்லின்மேல் சாய்வாகத் திருப்பினால், தொடாமலே எழுத்து நிழல் கட்டி எழும்பும். சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இலேயே தொகுத்து அச்சிட்டிருக்கிறார். அதோடு ஒப்பிட்டு, மாறுபட்டால் இரண்டையும் எழுதி, பழைய கல்லை விட்டுவிட்டு, பக்கத்தில் சின்னப் பலகை ஒன்று நட்டு, படித்த வருஷத்தையும் அதில் போடலாம். செலவு உளிக்கூலியைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆகும்.